முத்திரைக்கு ஒரு தங்கச்சி

இல்ல தம்பி, அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு காலு சொன்ன பேச்சு கேக்காது. இந்த நாற்காலில உக்காருங்க. தொப்பிய மட்டும் அந்த ஆல்பத்து மேல வெச்சிடாதீங்க, உள்ள இருக்கற மொதலாளிக்கு மூக்குல வேர்த்துடும். ஆமா, உள்ளதான் இருக்காரு. உங்க வண்டி வாசல்ல வந்து நின்னதும் ஒரு தடவ எட்டிப் பார்த்தாரு. மூஞ்சி புதுக் கவர் மாதிரி வெளுத்துது. உள்ள போய் தாப்பாளப் போட்டுக்கிட்டாரு. பின்கதவுக்கும் அந்த ரூம் வழியாத்தான் போகணும். முன்னால உங்க வண்டி. நடுவுல நானு. ஆப்பப் புடுங்கின கொரங்குக்கு எப்படி இருந்திருக்கும்னு இன்னிக்குத்தான் எனக்கு வெளங்குது.

தெரியுது தம்பி, தெரியுது. நாலு மணிக்குள்ள சொந்தக்காரங்க கையெழுத்து வாங்கி அந்த சிப்பாய ஒப்படைக்கணும், இல்லன்னா வண்டி நேரா கை கால் போன சிப்பாய்ங்க விடுதிக்குப் போயிடும். வந்ததுலேர்ந்து மூணு தடவ சொல்லிட்டீங்க. பேப்பரையும் நல்லாப் பார்த்தேன். நெருங்கிய உறவு, தங்கை. பேரு, வாலு. விலாசம், இந்த ஸ்டாம்ப் கடை. வாலுன்னு சர்க்கார் பேப்பர்ல டைப் அடிச்ச மனுஷன் எப்படித்தான் சிரிக்காம அடிச்சாரோ.

அவரு வண்டிலயே இருக்கட்டும், எறக்காதீங்க. தங்கச்சிய மொதல்ல தயார் பண்ணுங்கன்னு அவரேதானே உங்கள அனுப்பினாரு? எறக்கி வெச்சிருக்கற இந்த ஷட்டர் ஓட்டைல கண்ண வெச்சாத் தெரியறாரு பாருங்க. ஐயோ, அந்தக் கழுத்து. போட்டோல இருந்த அதே கழுத்து. ஆமா, இந்த வெயில்ல எதுக்கு கை மேல போர்வையப் போட்டு வெச்சிருக்கீங்க?

ஓ. தங்கச்சி பார்த்தா பயந்துடும்னு அவரே போடச் சொன்னாரா.

சரி. எத்தன வெரலு? எட்டா. கட்டைவெரல் ரெண்டும் தப்பிச்சுதுன்னு சொல்லுங்க. பனி அப்படியா தம்பி கடிக்கும்? நாய் கடிச்சாக்கூட ஊசி போட்டுக்கலாம். சரி விடுங்க. நான் பேசிக்கிட்டே இருந்தாத்தான் அழமாட்டேன், அதனால குறுக்க பேசாதீங்க.

வாலு எங்கன்னுதானே. காலேஜுக்குப் போகல, கடைத்தெருவுக்குப் போகல. இங்கதான் இருக்கு. அதாவது தம்பி, வாலுன்னு ஒரு பொண்ணு பொறக்கவே இல்ல.

உக்காருங்க. எந்திரிச்சா மட்டும் வாலு முளைச்சிடுமா? மோசடி கீசடின்னு பெரிய வார்த்தையெல்லாம் வேணாம். ஒரு சல்லிக்காசு நாங்க அவர்கிட்டேர்ந்து வாங்கல. கவர் வாங்கினோம். வெறும் காகிதக் கவரு. முழுசாக் கேட்டுட்டு அப்பறம் திட்டுங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன். ஓடத்தான் வழியில்லியே.

நான் இந்தக் கடைல இருபத்திரெண்டு வருஷமா ஸ்டாம்ப் உரிக்கறேன். சிரிக்காதீங்க, அது ஒரு வேலைதான். பழைய லெட்டர் மூட்டையா வரும். ஸ்டாம்ப் இருக்கற மூலைய வெட்டி, பேசின் தண்ணில போட்டு, பசை ஊறினதும் தோல் உரிக்கற மாதிரி உரிச்சு, மை உறிஞ்சற தாள் நடுவுல வெச்சு அமுக்கணும். வந்த புதுசுல ஒரு கட்டு கவர் கொடுத்துட்டு மொதலாளி சாப்பிடப் போயிட்டாரு. பார்த்தா ஒண்ணுலயும் ஸ்டாம்ப்பே இல்ல. வட்டமா ஒரு கறுப்பு சீலு, அதுக்குள்ள ஊர் பேரும் இல்லாம ஒரு நம்பரு. சரி, அடியில எங்கயாவது ஒட்டிட்டிருக்கும், ஊறினா வெளிய வரும்னு மொத்தத்தையும் பேசின்ல போட்டு அமுக்கிட்டேன்.

அவரு திரும்பி வந்து பார்த்தாரு. எங்க மொதலாளி புஸ்தகம் பேசற மாதிரி பேசுவாரு தம்பி, தொண்டைல கூழாங்கல்ல உருட்டிக்கிட்டு, இப்படி: அம்மணி, தாங்கள் செய்திருப்பது யாதெனில், ஒரு போர்க்களத்தையே தண்ணீரில் மூழ்கடித்துவிட்டீர்கள். அன்னிக்குத்தான் தெரியும், சிப்பாய் போடற லெட்டருக்கு ஸ்டாம்ப் வேணாமாம், ஓசிலயே போகுமாம். எந்த எடத்துல இருக்காங்கன்னு எதிரிக்குத் தெரியக்கூடாதுன்னு ஊர் பேருக்குப் பதிலா நம்பராம். அந்த நம்பர் சீலுக்குத்தான் சேக்கறவங்க அடிச்சுக்கறாங்களாம். ஸ்டாம்ப் கடைல உசந்த சாமான்ல ஸ்டாம்ப்பே கெடையாது. கேட்டுட்டு நான் சிரிச்சதுல அவருக்குக் கோவமே மறந்துடுச்சு.

இருங்க, விஷயத்துக்குத்தான் வரேன். மொதலாளி விக்கறது மத்த ஸ்டாம்ப்ப. ஆர்மி கவர் மட்டும் அவரோட சொந்த சேகரம், குடிகாரனுக்குக் குடி மாதிரி. பழைய சண்டைக் கவரெல்லாம் இருந்துது, இப்ப இருக்கற ராணுவ காம்புங்களோட சீலுதான் கெடைக்கல. அதனால அந்தந்த நம்பருக்கு அவரே லெட்டர் எழுதினாரு. மதிப்பிற்குரிய இராணுவ வீரர் அவர்களுக்கு, தங்கள் முகாமின் முத்திரை பதித்த உறையொன்றை அனுப்பி உதவுமாறு வேண்டுகிறேன். இருபது லெட்டர் போட்டாரு. ஒருத்தர் மட்டும் பதில் போட்டாரு, அதுவும் உள்ள ஒண்ணுமில்லாத வெத்துக் கவர். இவரு அதத் தூக்கிக்கிட்டு ஸ்டாம்ப் சங்கத்துக்குப் போனா, அங்க இருக்கறவங்க மூக்கச் சுளிச்சாங்களாம். இது ஜோடிச்ச கவரு, சேக்கறவனுக்காக அனுப்பினது, நெசமான லெட்டரா இருந்தாத்தான் மதிப்புன்னு. அதாவது சிப்பாய் யாருக்கோ ஆசையா, உறவுமொறையா எழுதினதா இருக்கணும். அப்பத்தான் அது சரித்திரமாம். இல்லன்னா குப்பையாம்.

மூணு நாளா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. இப்படி கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி எழுதினா எவன் பதில் போடுவான், நான் சொல்றேன் எழுதுங்கன்னேன். எனக்கு மூணாங்கிளாஸ்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுத வராது. ஆனா ஒருத்தர் ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும், அப்படியே பேசிடுவேன். இப்பக்கூட உங்கள மாதிரி பேசட்டா? நேரமாச்சும்மா, ரூல்ஸும்மா, நான் மேல பதில் சொல்லணும்மா. பார்த்தீங்களா, வாயத் தொறந்துட்டீங்க.

பஸ் ஸ்டாப்புல தெனம் ஒரு கூட்டம் பொண்ணுங்க நிப்பாங்க. அதுல ஒண்ணு, பல்லு தெத்து, வாயி அருவா. டிரைவர் கண்டக்டர் யாரையும் விடாது. அந்தக் கொரல எடுத்துக்கிட்டேன். பேசின்ல கைய வெச்சுக்கிட்டே சொன்னேன், மொதலாளி எழுதினாரு. முன்னப்பின்ன தெரியாத அண்ணாவுக்கு, எனக்குக் கூடப் பொறந்த அண்ணன் இல்ல, அதனால சண்ட போட ஆளில்லாம வாய் துருப்பிடிச்சுப் போச்சு. உங்களுக்கு டைம் இருந்தா எனக்கு ஒரு லெட்டர் எழுதி என்னைத் திட்டுங்க. கவர் மட்டும் கசங்காம வரணும், நான் சேத்து வெப்பேன். இப்படிக்கு வாலு. மொதலாளி எழுதி முடிச்சுட்டு, அம்மணி, இது மரியாதையாக இல்லையேன்னாரு. பதினோரு லெட்டர் போட்டோம், ஏழு பதில் வந்துது.

ஆமா, ஏழு பேரு. ஒருத்தர் எடுத்த எடுப்புல கல்யாணத் தேதி கேட்டாரு. ஒருத்தர் நாலு பக்கத்துக்குக் கவிதை எழுதினாரு, அதப் படிக்கறதுக்கு எனக்கு நாலு நாளாச்சு, படிச்சதுக்கு நாலு நாள் தலைவலி. எல்லாரும் ரெண்டு மூணு லெட்டரோட நின்னுட்டாங்க. இந்த மனுஷன் ஒருத்தர்தான் நிக்கல. மொத லெட்டர்லயே எழுதினாரு, உன்னைத் திட்டறதுக்கு எனக்குப் பழக்கமில்ல, நான் ஒரு அனாதை விடுதில வளர்ந்தவன், அங்க திட்டறதுக்குன்னே சம்பளத்துக்கு ஆள் இருந்தாங்க, கூடப் பொறந்தவங்களத் திட்டறது எப்படின்னு நீயே சொல்லிக்கொடு அப்படின்னு. கூடவே ஒரு போட்டோ. கழுத்து ஒரு முழம். ஒட்டகம்னு பேரு வெச்சேன். அடுத்த லெட்டர்லேர்ந்து அவரே இப்படிக்கு ஒட்டகம்னு போட ஆரம்பிச்சுட்டாரு.

நாலு வருஷம் தம்பி. அவரு காம்பு மாற மாற நம்பரும் மாறும், மொதலாளிக்குக் கொண்டாட்டம். லெட்டர் வந்ததும் கவர மட்டும் உருவி எடுத்துக்கிட்டு லென்ஸோட உக்காந்துடுவாரு. உள்ள இருக்கறத எங்கிட்ட நீட்டிடுவாரு, பழத்தத் தின்னுட்டுத் தோல நீட்டற மாதிரி. எனக்கு அந்தத் தோல்தான் பழம். சாயங்காலம் ஷட்டர எறக்கறதுக்கு முன்னால ஒரு பக்கம் எழுத்துக் கூட்டிடுவேன். மீதிய மறுநாள்.

நான் இருக்கறது என் தங்கச்சி வீட்டுல. ஆமா, எனக்கு நெசமாவே ஒரு தங்கச்சி இருக்கா, அவளுக்கு வாலு கெடையாது, வாய் கூடக் கெடையாது. ரெண்டு ரூம்ல ஆறு பேரு. எனக்கு சமையக்கட்டுல அடுப்புக்கும் தண்ணிக் கொடத்துக்கும் நடுவுல படுக்கை. அவ புருஷன் வீட்டுக்குள்ள நொழஞ்சா மொதல்ல என்னைத்தான் பார்ப்பாரு, இன்னும் இங்கதான் இருக்கியாங்கற பார்வை. ஒரு தடவ எனக்குக் கடைவாய்ப் பல்லு ஒரு வாரம் பின்னி எடுத்துது. கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருக்கு, வீட்டுல ஒருத்தர் ஏன்னு கேக்கல. சரின்னு அந்தப் பல்வலிய வாலுவுக்குக் கொடுத்துட்டேன். லெட்டர்ல அதுவும் பல்வலில துடிச்சுது. மூணு வாரம் கழிச்சு பதில் வருது, மொத வரியே பல்லு எப்படி இருக்கு. ரெண்டாவது வரி, புடுங்கறதுக்கு முன்னால இன்னொரு டாக்டரப் பாரு. மூணாவது வரி, வாய் மூடியிருந்த ஒரு வாரமும் அக்கம்பக்கத்துல எப்படி நிம்மதியா இருந்திருப்பாங்க. என் பல்லு அதுக்குள்ள போயே போச்சு. ஆனா கேட்டாருல்ல.

இதெல்லாம் வழில உங்ககிட்ட சொன்னாரா? பல்வலி கூடவா? ரெண்டு நாளும் வாலு வாலுன்னு உங்க காதப் புண்ணாக்கியிருப்பாரே. பாவம் தம்பி நீங்க.

நிறுத்தியிருக்கலாமேன்னு சுளுவாக் கேட்டுட்டீங்க. போன வருஷம் ஒரு லெட்டர் வந்துது. ஆபீஸ் பாரத்துல நெருங்கிய உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு, இத்தன வருஷமா அதுல கோடு கிழிச்சு வெச்சிருந்தேன், நேத்து அந்தக் கோட்ட அடிச்சுட்டு உன் பேர எழுதிட்டேன்னு. மொதலாளி, வெளையாட்டு போதும், இது எங்கயோ போகுதுன்னேன். அவரு லென்ஸுலேர்ந்து கண்ண எடுக்காமயே, மிக நன்று அம்மணி, உறவு அரசாங்கத்தாலேயே உறுதி செய்யப்பட்டுவிட்டது, இனி எவனும் இதை ஜோடித்த கவர் என்று சொல்ல முடியாதுன்னாரு.

அதுக்கப்பறம் வாலுவ எப்படியாவது முடிச்சுடலாம்னு ரெண்டு பேருமே பார்த்தோம். கல்யாணம் பண்ணிக்கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிடலாம்னா, கல்யாணத்துக்கு லீவு போட்டுட்டு வந்து நிப்பாரு. காய்ச்சல்ல போயிடுச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க எழுதற மாதிரி எழுதலாம்னு மொதலாளி சொன்னாரு. சரின்னு பக்கத்து வீட்டுக் கெழவர் கொரல வரவழைச்சு, அன்புள்ள தம்பிக்கு, துக்கமான சேதின்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல வரல. இருபத்திரெண்டு வருஷத்துல மொத தடவையா வாயத் தொறந்தா சத்தம் வரல. போங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னுட்டு ஸ்டாம்ப் உரிக்கப் போயிட்டேன். நாளைக்கு நாளைக்குன்னு ஒரு வருஷம் ஓடிப்போச்சு. புலி வாலப் புடிச்சவன் கதைதான். நம்ம விஷயத்துல புலி மேலயும் தப்பில்ல.

அஞ்சு மாசத்துக்கு முன்னால லெட்டர் நின்னுது. ரெண்டு லெட்டர் போட்டோம். ஒண்ணு திரும்பி வந்துது, ஆள் அங்க இல்ல, அனுப்பினவருக்கே திருப்புகன்னு குறுக்கால ஒரு சீலு. நான் அந்த வரியத் திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டறேன். மொதலாளி அத வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, அம்மணி, இந்தத் திருப்பு முத்திரை இதுவரை யார் கைக்கும் வந்ததில்லைங்கறாரு. ரெண்டு நாள் நான் அவர்கூடப் பேசல. கடைக்கு வந்தவங்க, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லியான்னு விசாரிச்சுட்டுப் போனாங்கன்னா பார்த்துக்கங்க.

டீய எடுத்துக்கங்க, ஆறிடும். என்ன சொன்னீங்க? பனிமலை மேல போகணும்னு அவருக்குக் கட்டாயமே இல்லியா. கீழ சொகமான வேல கெடச்சும் வேணாம்னுட்டுப் போனாரா. ஏன்னு அங்க யாருக்கும் புரியலியாக்கும். அது வந்து, மனுஷங்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். சக்கர பத்துதா பாருங்க.

ஹாரன் அடிக்கறது அவரா? கட்டைவெரலாலயா? நல்லாத்தான் அடிக்கறாரு. பொறுமை இல்லாத ஒட்டகம்.

சரி தம்பி, உங்க மூஞ்சியும் பார்க்கப் பாவமா இருக்கு. நான் வரேன். அந்தப் பேப்பர இப்படித் தள்ளுங்க. வாலுன்னு ரெண்டு எழுத்து, அத எழுதக் கத்து வெச்சிருக்கேன், லெட்டர் கடைசில அத மட்டும் நான்தான் போடுவேன். இந்தாங்க, போட்டாச்சு. அதே கோணல் எழுத்துதான், அவருக்கே அடையாளம் தெரியும். அம்பத்தேழு வயசு, நரைச்ச தல, கடைவாய்ல ஓட்டை, இதுதான் உன் வாலுன்னு போய் நிக்கறேன். என்ன பண்ணிடுவாரு? மொதல்ல முழிப்பாரு, அப்பறம் திட்டுவாரு. திட்டறதுக்கு நாலு வருஷமா பாடம் எடுத்திருக்கேன், நல்லாத்தான் திட்டுவாரு.

தங்க வெக்கறதா? அதான் நானும் யோசிச்சேன். அடுப்புக்கும் தண்ணிக் கொடத்துக்கும் நடுவுல ரெண்டு பேரு படுக்க முடியாது. இருங்க ஒரு நிமிஷம். மொதலாளி, காது கேக்குதா? அந்த ரூம காலி பண்ணுங்க. ஆல்பத்தையெல்லாம் உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. கட்டிலு இருக்கு, ஜன்னல் இருக்கு, பின்னால குழாய் இருக்கு. இன்னிலேர்ந்து ஒட்டகம் அங்கதான். பகல்ல நான் சோறு ஊட்டிடறேன், ராத்திரிக்கும் இங்கயே படுத்துக்கறேன். என்னது? ஈரப்பதமா? கவருக்கு ஆகாதா? அப்ப கவர்ங்களக் கூட்டிட்டு நீங்க சமையக்கட்டுல போய்ப் படுங்க. பார்த்தீங்களா, கட்டில நகத்தற சத்தம். பயந்த மனுஷன் தம்பி, கெட்டவரு இல்ல. நான் ஒரு சத்தம் போட்டாச் செஞ்சுடுவாரு. அது தெரிஞ்சும் போட வேண்டிய நேரத்துல நான் போடல.

என்ன எந்திரிச்சுட்டீங்க? அவ்ளோதானே, வாங்கம்மாங்கறீங்க. வயசு மட்டும்தான் கொற சொல்ல இருக்குன்னா உங்க வண்டி வந்து நின்ன ஒடனே வெளிய வந்து நின்னிருப்பேன்.

ஏன் மேல போனாருன்னு கேட்டீங்கல்ல. வாலு போகச் சொல்லுச்சு, போனாரு. விஷயம் அவ்ளோதான்.

கடைசிக்கு முந்தின லெட்டர்ல கேட்டிருந்தாரு. கீழ துணி குடோன்ல ஒரு வேல கொடுக்கறாங்க, கணப்பு இருக்கு, சுடுதண்ணி இருக்கு. மேல புதுசா தொறக்கற காம்புக்கும் நாப்பது பேரு வேணுமாம், இஷ்டப்பட்டவங்க மட்டும். வாலு, நான் என்ன பண்ணட்டும்? ஒலகத்துலயே ஒரே ஒரு ஆள்கிட்டதான் கேட்டாரு. நான் எழுத்துக் கூட்டிச் சத்தமாப் படிச்சுட்டிருந்தேன். மேல காம்போட நம்பரு நானூத்திப் பதினேழுன்னதும் மொதலாளி கையிலேர்ந்து லென்ஸு நழுவிடுச்சு. மூணு மாசம் தொறந்துட்டு மூடற தபாலாபீஸாம், ஒலகத்துல அந்த சீலு நாலு கவர்ல இருந்தாப் பெருசாம். பேனாவ எடுத்துட்டாரு, சொல்லுங்கள் அம்மணி, சொல்லுங்கள்னு. தாங்கள் மேலே செல்வது நலம்னு அவரு பாணில எழுதியிருந்தா ஒட்டகம் சிரிச்சுட்டு குடோனுக்குப் போயிருக்கும். எனக்குத்தான் நாக்கு அரிச்சுது. மூட்ட எண்ணற ஒட்டகம் எனக்கு எதுக்கு, மேல போங்க, பனிமேல நின்னு எனக்கு ஒரு லெட்டர் போடுங்க, அந்த நம்பரக் காட்டி எங்கண்ணன் நிக்கற எடத்தப் பாருங்கடின்னு பீத்திக்கறேன். சொல்லிட்டு நானே சிரிச்சேன். நல்லா வந்திருந்துது தம்பி அந்த வரி.

இத மட்டும் உங்ககிட்ட சொல்லலியா அவரு? பல்வலி வரைக்கும் சொன்னவரு. பெரிய டாக்டரு கேட்டப்பக்கூட, தோணுச்சு, போனேன்னுதான் சொன்னாரா. ஒரு வார்த்த விடல. தங்கச்சியக் காட்டிக் கொடுக்கல.

அவருக்கு, தங்கச்சி பெருமைக்குக் கேட்டுச்சுன்னுதான் தெரியும். ஒரு சீலுக்காகன்னு தெரியாது. அங்கேர்ந்து ஒரே ஒரு லெட்டர் வந்துது, இந்தா உன் நம்பரு, சந்தோஷமா, வெரலு மரத்துப் போச்சு, அதான் எழுத்து ஒட்டகம் நடந்த மாதிரி இருக்குன்னு. அந்தக் கவருக்குப் போன மாசம் ஸ்டாம்ப் கண்காட்சில மெடல் கொடுத்தாங்க. மொதலாளி மேடைல ஏறி, இது ஜோடித்த கடிதமன்று, ஓர் அண்ணன் தன் தங்கைக்கு உண்மையாகவே எழுதியதுன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. மூணாவது வரிசைல நானும் உக்காந்து தட்டினேன்.

இத மொதல்ல அவருகிட்ட சொல்லிட்டுத்தான் வயசச் சொல்லணும். நகருங்க தம்பி, ஷட்டர நான் தெறக்கறேன்.